பைகிராஃப்ட்ஸ் ரோடு சிலேட்டும் கேம்பிரிட்ஜ் கடிதமும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. வரலாற்றுக் கட்டுரை என்று ஆரம்பித்துவிட்டுச் சொந்தக் கதை சொல்கிறானே என்று திட்டாதீர்கள். ஒரே ஒரு பத்திதான், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

போன வருடக் கோடை விடுமுறையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஸ்டார்ட்அப் ஆரம்பித்தோம். (பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். மெஸ் நடத்துகிறவர்கள் மாதக் கணக்கு வைத்துக்கொள்ள ஒரு ஆப். மூலதனம்: மூன்று லேப்டாப், ஒரு வாட்ஸ்அப் குரூப்.) ஒருவன் மயிலாப்பூர், ஒருவன் தி.நகர், நான் அடையாறு. இந்த வெயிலில் யார் அலைவது, அவரவர் வீட்டிலிருந்தே செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம். தி.நகர் நண்பன்தான் எங்களில் கெட்டிக்காரன். ராத்திரி இரண்டு மணிக்கு கோடு எழுதி அனுப்புவான். அது வேலை செய்யும். ஏன் வேலை செய்கிறது என்று மற்ற இருவருக்கும் புரியாது. ஒரு நாள் நான் குரூப்பில் "இது எப்படிடா வருது? கொஞ்சம் விளக்கி எழுது" என்று போட்டேன். அவ்வளவுதான். அவன் அதை "எங்கேருந்துடா சுட்டே?" என்று படித்திருக்கிறான். பதிலே இல்லை. அவன் பேசாமல் இருந்ததை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் ஆப் செத்துப்போனது. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம்.

அதற்கப்புறம் பாரதி சாலை நடைபாதைக் கடையில் ராபர்ட் கனிகல் எழுதிய ராமானுஜன் வாழ்க்கை வரலாறு பழைய பிரதி ஒன்று கிடைத்தது. அதில் 1913-ஆம் வருடத்துக் கடிதங்களைப் பற்றிப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. எங்கள் குரூப்பில் நடந்த அதே சண்டை! நூறு வருடத்துக்கு முன்னால், சென்னைக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடுவில், நம்மைவிட ஆயிரம் மடங்கு அறிவாளிகளுக்குள்.

ராமானுஜன் கதை எல்லாருக்கும் தெரியும். ஏழைப் பையன், கும்பகோணம், எஃப்.ஏ.வில் ஃபெயில், கடிதம், ஹார்டி, சீமைப் பயணம், காசநோய். சினிமாவும் வந்தாகிவிட்டது. அதையே திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரே வேலையைத் தூரத்தில் இருந்துகொண்டும் பக்கத்தில் உட்கார்ந்தும் செய்து பார்த்த மிகச் சின்ன டீம் என்ற கோணத்தில் மட்டும் பார்க்கலாம்.

முதலில் பக்கத்தில் உட்கார்ந்த கதை. 1912 மார்ச் 1-ஆம் தேதி ராமானுஜன் சென்னை போர்ட் டிரஸ்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய் சம்பளம். அங்கே தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர். இவர் முன்பு திருச்சியில் கணித ஆசிரியராக இருந்தவர், இந்தியக் கணிதச் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். அவர் வீடு திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோட்டில். (இன்றைய பாரதி சாலைதான் அது. எனக்குப் புத்தகம் கிடைத்த அதே தெரு!) ஆபீஸ் முடிந்து ராத்திரி ஆனால் இரண்டு பேரும் மாடிக்குப் போய் ஆளுக்கொரு சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களாம். தூங்கப் போகப் பதினோரு மணிக்கு மேல் ஆகுமாம்.

எனக்கு இந்தப் புத்தகத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ராமானுஜன் பத்துப் படி தாண்டிக் குதிப்பவர். முதல் வரி, அப்புறம் நேராக விடை. நாராயண ஐயரும் கணக்குத் தெரிந்தவர்தான், ஆனால் அவராலேயே பின்தொடர முடியவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை, "ஆஹா மேதை" என்று தலையாட்டிவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை. எனக்கே புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படியப்பா புரியும், நடுவில் இருக்கும் படிகளை எழுது என்று விடாமல் கேட்டிருக்கிறார். ராமானுஜனும் எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், நான் குரூப்பில் கேட்டதும் அதே கேள்விதான். அங்கே ஏன் சண்டை வரவில்லை? கேட்பவர் முகம் தெரிந்தது. குழப்பம்தான் இருக்கிறது, சந்தேகம் இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். புரியாத இடத்தில் பென்சில் நிற்கும், அந்த இடத்தில் விளக்கினால் போதும். தப்பாகப் போனால் முழங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். (சிலேட்டை முழங்கையால் துடைப்பது ராமானுஜனின் பிரசித்தி பெற்ற பழக்கம். காகிதம் விலை அதிகம்.)

இதற்கு முன்பே தபால் வழி வேலையில் அவருக்கு ஒரு அனுபவம் இருந்தது. இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் 1911-ல் வந்த முதல் ஆய்வுக் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது. இதழாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் இருந்தது பெங்களூரில். புரியும்படி எழுதுங்கள் என்று அவர் திருப்பி அனுப்ப, இவர் திருத்தி அனுப்ப, கட்டுரை போய்ப் போய் வந்தது. அங்கேயும் பிரச்சினை கணிதத்தில் இல்லை.

இப்போது 1913. ஜனவரி 16-ஆம் தேதி ராமானுஜன் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருந்த ஜி.எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். கூடவே சுமார் 120 தேற்றங்கள். ஒன்றுக்கும் நிரூபணம் இல்லை. ஹார்டியும் அவர் கூட்டாளி லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்து, இவன் ஏமாற்றுக்காரன் இல்லை, பெரிய ஆள் என்று முடிவு கட்டியது எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் கவனித்தது தேதிகளை. ஹார்டி பதில் எழுதியது பிப்ரவரி 8. அதற்கு ராமானுஜன் பதில் எழுதியது பிப்ரவரி 27. அது கப்பலேறி கேம்பிரிட்ஜ் போய்ச் சேர மார்ச் பாதியைத் தாண்டிவிடும். ஆக ஒரு கேள்வி கேட்டுப் பதில் கையில் கிடைக்க ஏறக்குறைய 40 நாள். தந்தி இருந்தது. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை காசு, முடிவிலித் தொடரைத் தந்தியில் அடிக்கவும் முடியாது.

"அப்போ பிரச்சினை வேகம்தானே, இப்போதான் நொடியில் போகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கடிதங்களில் என்ன நடக்கிறது பாருங்கள்.

ஹார்டி கேட்டது நிரூபணம். அவருக்கு அது இயல்பான கேள்வி, நிரூபணம் இல்லாமல் கணிதமே கிடையாது. ராமானுஜனுக்கோ அது வேறு மாதிரி கேட்டது. பிப்ரவரி 27 கடிதத்தில் அவர் சொல்வதன் சாரம் இது: என் முறையை ஒரு கடிதத்தில் விளக்கினால் உங்களுக்குப் பிடிபடாது. என் முறைப்படி 1+2+3+4+... என்று முடிவில்லாமல் கூட்டினால் −1/12 வரும் என்று சொன்னால் என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்வீர்கள். என் விடைகளைச் சரிபாருங்கள், சரியாக வந்தால் அடிப்படையிலும் ஏதோ உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள், எனக்கு இப்போது வேண்டியது உங்களைப் போன்றவர்களின் அங்கீகாரம். வயிற்றுக்கே கஷ்டம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்த கேம்பிரிட்ஜில் என்ன நினைத்தார்கள்? இவர் ஏன் நிரூபணம் தர மறுக்கிறார்? ஒருவேளை ஹார்டி திருடிவிடுவார் என்று பயப்படுகிறாரோ? இது லிட்டில்வுட்டின் ஊகம். ஹார்டி அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் மார்ச் கடைசியில் வெளிப்படையாகவே எழுதிவிட்டார். என் கையெழுத்தில் நீண்ட கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றன, நான் ஏதாவது மோசம் செய்தால் அவற்றைக் காட்டி நீங்கள் நியாயம் கேட்கலாம் என்ற பொருளில். நல்ல மனிதர், நல்ல நோக்கம். ஏப்ரல் 17-ஆம் தேதி பதில் வருகிறது, மனம் புண்பட்டுப்போய். யாரும் எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் எனக்குத் துளியும் இல்லை, எட்டு வருடமாக இந்த முறை என் கையில் இருக்கிறது, மதிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை என்கிறார்.

இந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. "விளக்கு" என்ற ஒரு சொல் அனுப்பிய இடத்தில் ஆர்வமாகக் கிளம்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் சந்தேகமாக இறங்கியிருக்கிறது. 40 நாளில் போனாலும் 4 நொடியில் போனாலும் அந்தச் சொல்லோடு முகம் கூட வருவதில்லை. எங்களுக்கு வேகம்தான் அதிகம், கோபமும் அதே வேகத்தில் வந்தது. அவர்களுக்காவது ஆற அமரப் பதில் எழுதக் கப்பல் அவகாசம் கொடுத்தது!

இன்னொரு நஷ்டமும் உண்டு. ராமானுஜன் அனுப்பியதில் பகா எண்களைப் பற்றிய பகுதி தவறு. ஒரு எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதற்கு அவர் தந்த சூத்திரம் அவர் சொன்ன அளவுக்குத் துல்லியமானது அல்ல. ஜீட்டா சார்புக்குக் கலப்பெண் தீர்வுகள் உண்டு, அவற்றைக் கணக்கில் எடுக்க அவருக்கு அந்தப் பாடமே தெரியாது, யாரும் சொல்லித் தரவும் இல்லை. கேம்பிரிட்ஜில் பக்கத்து அறையில் இருந்திருந்தால் ஒரு மாலையில் சொல்லிப் புரியவைத்திருக்கலாம். தபாலில் "தவறு" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. ஏன் தவறு என்று சொல்ல ஒரு படிப்பையே உறையில் போட்டு அனுப்ப வேண்டியிருந்திருக்கும்.

ஒரு நேர்மையான ஆட்சேபணையை இங்கே சொல்லியாக வேண்டும். ஹார்டியும் லிட்டில்வுட்டும் முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வேலை செய்தவர்கள். ஒரே கல்லூரியில் இருந்துகொண்டே பெரும்பாலும் கடிதம் வழியாகத்தான்! அவர்களுக்குள் நான்கு விதிகள் இருந்ததாக டென்மார்க் கணித மேதை ஹரால்ட் போர் சொல்லியிருக்கிறார். எழுதி அனுப்புவது சரியா தவறா என்பது முக்கியமில்லை. வந்த கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, படிக்க வேண்டும் என்றுகூட இல்லை. இருவரும் ஒரே விஷயத்தையே யோசிக்காமல் இருப்பது நல்லது. ஒரு கட்டுரையில் ஒருவர் ஒன்றுமே செய்யாவிட்டாலும் இருவர் பெயரும் இருக்கும். பதிலே வராவிட்டாலும் கோபம் கிடையாது என்பதை விதியாகவே எழுதி வைத்த ஜோடி! ஆக, தூரத்திலிருந்து வேலை செய்யவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் ஒரே ஊர், ஒரே படிப்பு, ஒருவர் பாதி வாக்கியம் எழுதினால் மற்றவர் மீதியை முடிப்பார். அந்த நம்பிக்கை முதலில் வந்தது, கடிதம் அப்புறம். ஆரம்பித்து இரண்டு மாதமே ஆன ஒரு டீமில் அது இருக்காது. ராமானுஜன்–ஹார்டி டீமில் இல்லை, எங்கள் டீமிலும் இல்லை (மூன்று வருடம் ஒரே வகுப்பில் பெஞ்சு தேய்த்தும்).

முடிச்சை அவிழ்த்தது இ.எச். நெவில். டிரினிட்டி இளைஞர், கிட்டத்தட்ட ராமானுஜன் வயசுக்காரர். 1914 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்த வந்தார். சேப்பாக்கம் செனட் ஹவுஸில் கூட்டம். அப்போது ராமானுஜன் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகையில் இருந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புகழ்பெற்ற நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். மூன்றாவது சந்திப்பில் ராமானுஜன், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள் என்று நோட்டையே கொடுத்துவிட்டார். அதுவரை அது அவர் கையை விட்டுப் போனதே இல்லை என்று நெவில் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஹார்டி ஒரு வருடம் கடிதம் எழுதிக் கேட்டும் கிடைக்காதது மூன்று சந்திப்பில் கிடைத்துவிட்டது. 1913 பிப்ரவரியில் அதிகாரி ஒருவர் கூப்பிட்டு இங்கிலாந்து போகிறாயா என்று கேட்டபோது முடியாது என்ற பதில் போயிருந்தது. நெவில் நேரில் கேட்டபோது சம்மதம்!

1914 மார்ச் 17-ஆம் தேதி நெவாசா கப்பலில் கிளம்பி ஏப்ரல் 14-ல் லண்டன் சேர்ந்தார். அதற்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தினமும் ஹார்டி அறைக்குப் போவார், ஐந்தாறு புதுத் தேற்றங்களைக் காட்டுவார். ஏதாவது ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று லிட்டில்வுட் ஆரம்பித்தால், அதிலிருந்தே இவர் புதுப்புது யோசனைகளாகக் கொட்ட, பாடம் எங்கோ போய்விடுமாம். 1918-ல் இருவர் பெயரில் வெளிவந்த எண் பிரிவினைக் கட்டுரைதான் உச்சம். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று 5 விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ? 3,972,999,029,388 விதம். மேக்மஹோன் என்பவர் பாடுபட்டு இதைக் கையால் கணக்கிட்டு வைத்திருந்தார். ஹார்டி–ராமானுஜன் சூத்திரம் அந்த எண்ணையே பிடித்துவிட்டது. இப்படி ஒரு துல்லியமான சூத்திரம் இருந்தே தீரும் என்ற உள்ளுணர்வு ஒருவருடையது, அதை நிறுத்தி வைக்கும் நிரூபண வித்தை இன்னொருவருடையது. தபாலில் இந்தக் கட்டுரை பிறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்காக "பார்த்தீர்களா, ஆபீஸ்தான் சொர்க்கம்" என்று யாராவது மேனேஜர் இதை எடுத்துக் காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் உட்காரக் கொடுத்த விலை பயங்கரம். போர்க்காலம், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், குளிர், 1917-லிருந்து ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி, 1918-ல் தற்கொலை முயற்சி. அங்கே ஹார்டியோடு இருந்த தூரம் போனது, இங்கே வீட்டோடு தூரம் வந்தது. மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள் மாமியார் கையிலேயே நின்றுவிட்டன. அவள் எழுதவில்லை என்று இவர் அங்கே, இவர் எழுதவில்லை என்று அவர் இங்கே. தபால் மறுபடியும் தன் வேலையைக் காட்டியது. எனக்கென்னவோ இது அந்தக் கணிதக் கடிதங்களைவிடப் பெரிய சோகமாகப் படுகிறது.

1919 மார்ச்சில் நோயாளியாகத் திரும்பினார். கொஞ்ச நாள் மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் ஒரு பங்களாவில் இருந்தார். (அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் எந்த வீடாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே போகிறேன்.) பிறகு கொடுமுடி, கும்பகோணம், கடைசியில் சேத்துப்பட்டு. ஹார்டிக்கு ஏறக்குறைய ஒரு வருடம் கடிதமே இல்லை. 1920 ஜனவரி 12-ஆம் தேதி, இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு கடிதம். புதிதாக ஒரு வகைச் சார்புகளைக் கண்டுபிடித்திருக்கிறேன், "மாக் தீட்டா" என்று பெயர் வைத்திருக்கிறேன் என்று 17 உதாரணங்கள். அவை என்ன என்பதற்குத் தெளிவான வரையறை இல்லை. மறுபடியும் முதல் வரி, அப்புறம் நேராக விடை. இந்தத் தடவை நடுப்படிகளை எழுது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க நாராயண ஐயரும் இல்லை, ஹார்டியும் இல்லை. ஏப்ரல் 26-ல் இறந்துபோனார். வயது 32.

ஜி.என். வாட்சன் 1935-ல் அந்த உதாரணங்களை எடுத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். அந்தக் கடைசி வருடத்துத் தாள்கள் 1976-ல் டிரினிட்டி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. அந்தச் சார்புகள் உண்மையில் எந்த ஜாதி என்று விளங்கியது 2002-ல், ஸ்வெகர்ஸ் என்ற டச்சு ஆராய்ச்சி மாணவரின் ஆய்வேட்டில். ஒரு கடிதம் புரிய 82 வருடம்.

நம் காலத்துக்கு வந்தால், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011-லேயே ஸோஹோ அலுவலகம் திறந்ததை நிறையப் பேர் "தூரத்திலிருந்து வேலை"க்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நேரெதிராகத் தெரிகிறது. சென்னையை விட்டுத்தான் போனார்களே தவிர, போன இடத்திலும் ஒரு கட்டிடம் கட்டி எல்லாரும் சேர்ந்துதான் உட்கார்ந்தார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1977-ல் எழுதிய புத்தகத்தில், பொறியாளர்களின் மேஜைகளுக்கு இடையே தூரம் கூடக் கூட அவர்கள் பேசிக்கொள்வது மளமளவென்று குறைவதைக் காட்டியிருக்கிறார். ஐம்பது மீட்டர் தாண்டினால் கிட்டத்தட்ட வேறு ஊர் மாதிரிதான். தி.நகர் எத்தனை ஐம்பது மீட்டர் என்று கணக்குப் போட எனக்கு மனசில்லை.

போன மாதம் மந்தைவெளியில் ஒரு டீக்கடையில் தற்செயலாக அவனைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் சும்மா நின்றோம். அப்புறம் நான்தான், "அந்த வட்டிக் கணக்கு மாதிரி ஒண்ணு எழுதினியே, அது நிஜமாவே எனக்குப் புரியலடா" என்றேன். ஒரு மாதிரி பார்த்தான். "அதைத்தான் கேட்டியா?" என்று டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி, பழைய பில்லின் பின்பக்கத்தில் கிறுக்கிக் காட்டினான். இருபது நிமிடம். புரிந்துவிட்டது. நடுவில் ஒரு இடத்தில் அவனே "ஐயையோ, இங்கே தப்பு விட்டிருக்கேன்" என்று அடித்துத் திருத்தினான். ஆப் மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "மயிலாப்பூர்காரன் வீட்டு மொட்டை மாடி காலியா இருக்கான்னு கேளு" என்றான்.